இருட்டைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

திகில் குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கையருக்கு,



எடிட்டிங் மேஜையிலிருந்து எழுதுகிறேன். இருபது வருடமாகப் படத்தொகுப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. உங்கள் படங்களில் சில வெட்டி ஒட்டுவதற்காக என்னிடம் வருகின்றன. பலவற்றைக் கல்லூரி விழாக்களில் நடுவராக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாழடைந்த பங்களா, வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், காதைப் பிளக்கும் ஒரு சத்தம். பதினைந்து நிமிடப் படத்தில் பத்து நிமிடம் அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்ற கதைக்கே போய்விடுகிறது. ஊருக்கு வெளியே வீடு தேடி அலைந்து, ராத்திரியெல்லாம் கண்விழித்து, கைக்காசைக் கரைத்து எடுத்திருக்கிறீர்கள் என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரிகிறது. அரங்கில் ஒருவரும் பயப்படவில்லை என்பதும் தெரிகிறது. இருட்டில் உட்கார்ந்து அந்த இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரே ஒரு குறும்படத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். 'லைட்ஸ் அவுட்', 2013. ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பெர்க் எடுத்தது. மொத்தமே மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நடித்தவர் அவருடைய மனைவி லோட்டா லோஸ்டன். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். வசனம் கிடையாது. 'பிளடி கட்ஸ்' என்ற பிரிட்டிஷ் குழு நடத்திய திகில் குறும்படப் போட்டிக்கு அனுப்பினார்கள். படத்துக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை, சிறந்த இயக்குநர் பரிசு மட்டும் சாண்ட்பெர்க்குக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் அது இணையத்தில் ஊர் உலகமெல்லாம் பரவி, 2016-இல் ஹாலிவுட்டில் முழுநீளப் படமாகவும் வந்தது. அந்தப் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

பார்க்காதவர்கள் இந்த மடலை மூடிவைத்துவிட்டு முதலில் படத்தைப் பாருங்கள். முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

படுக்கப் போகும் ஒரு பெண் தாழ்வாரத்து விளக்கை அணைக்கிறாள். கோடியில் ஓர் ஆள் நிற்பதுபோல் கறுப்பாக ஓர் உருவம். விளக்கைப் போட்டால் காலியான தாழ்வாரம். அணைத்தால் மறுபடி உருவம். போடுகிறாள், அணைக்கிறாள். தொலைவில் நின்றது ஒருமுறை அணைக்கும்போது சட்டென்று அவளுக்கு எதிரிலேயே நிற்கிறது. பதறி விளக்கைப் போடுகிறாள். பிறகு அந்த ஸ்விட்ச் அணையாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்துவிட்டு, படுக்கையறை விளக்கை எரியவிட்டுக்கொண்டு படுக்கிறாள். வெளியே சத்தம் கேட்கிறது, தாழ்வாரம் இருண்டு போகிறது, போர்வைக்குள் ஒடுங்குகிறாள். அப்புறம் கட்டிலருகில் இருக்கும் விளக்கும் தடுமாற ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான் கதை.

போன வருடம் ஒரு பயிற்சி முகாமில் இதைத் திரையிட்டேன். விளக்கைப் போட்டதும் வந்த முதல் கேள்வி, "என்ன கேமரா சார்?" இரண்டாவது கேள்வி, "பேய்க்கு என்ன மேக்கப்?" கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பதில் சொல்லாமல் ஒலியை முழுக்க அடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மூன்றாவது முறை திரையைத் துணியால் மூடி ஒலியை மட்டும் கேட்கவைத்தேன். நாலாவது முறை ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஷாட் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு, விளக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி போடச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் கோடு எது, புள்ளி எது என்பதில் குழப்பம். கட் விழாத இடத்தில் கோடு போட்டிருந்தார்கள்.

அந்தக் குழப்பத்தைத்தான் எதிர்பார்த்தேன். இந்தப் படத்தில் ஸ்விட்ச்தான் கத்தரி. நான் மேஜையில் செய்யும் வேலையை அந்தப் பெண்ணின் விரல் செய்கிறது. காலி இடம், உருவம், காலி இடம், உருவம் என்று இரண்டு பிம்பங்களை மாற்றி மாற்றி அடுக்குவதுதான் படத்தொகுப்பு. அதைக் கதாபாத்திரத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார் சாண்ட்பெர்க். அதனால் அடுத்த பிம்பம் எப்போது வரும் என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். பார்க்கிற நாம் "அணைக்காதே" என்று மனசுக்குள் கத்துகிறோம். அதே சமயம் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பும் நமக்கு இருக்கிறது. அவள் அணைக்கும்போது நம்முடைய விரலும் அதில் இருக்கிறது. உங்கள் படங்களில் பேய் தானாக வந்து நிற்கிறது; யாரும் அதை அழைப்பதில்லை. இங்கே அவளும் நாமும் சேர்ந்து அழைக்கிறோம். திகிலின் வேர் எனக்குத் தெரிந்தவரை இந்த இடத்தில் இருக்கிறது.

அந்த இடைவெளிகளையும் கவனியுங்கள். விளக்கு எரியும் நேரமும் அணைந்திருக்கும் நேரமும் ஒரே அளவில் ஓடுவதில்லை. முதலில் நிதானம், கண்ணை நம்பாமல் நிற்பவளின் நிதானம். பிறகு வேகம். ஒரு தாளம் பிடிபட்டு, அடுத்த அடி எங்கே விழும் என்று நம் உடம்பே எண்ண ஆரம்பித்த பிறகு, அந்த அடி வேறு இடத்தில் விழுகிறது. மிருதங்கம் கற்றவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் டைம்லைன் முன்னால் அவரை உட்கார வையுங்கள். உண்மையாகச் சொல்கிறேன், மென்பொருள் தெரிந்தவரைவிட அவர் அதிகம் உதவுவார்.

இந்த வித்தை புதிதல்ல. 1942-இல் ஜாக் டூர்னர் இயக்கத்தில் 'கேட் பீப்பிள்' என்று ஒரு படம் வந்தது. ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் குறைந்த செலவுத் திகில் படங்களுக்குப் பொறுப்பாக இருந்த வால் லூட்டன் தயாரித்தது. இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால், சிறுத்தையாக மாறிவிடுவாளோ என்று படம் நம்மைச் சந்தேகிக்கவைத்திருக்கும் இன்னொரு பெண்ணின் காலணிச் சத்தம். சிறிது தூரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. ஓடுகிறாள். சிறுத்தை பாயப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும் நொடியில் ஒரு சீறல், பக்கவாட்டிலிருந்து ஒரு பஸ் வந்து நிற்கிறது! அவ்வளவுதான். அந்த வெட்டைச் செய்தவர் படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன். இன்றைக்கும் எங்கள் தொழிலில் அந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றுதான் பெயர். திடுக்கிடவைக்கும் சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பு காலடிச் சத்தம் நின்றுபோனதே, அதை யாரும் பேசுவதில்லை. பஸ்ஸின் சீறலுக்குப் பலம் கொடுத்தது அந்த நிசப்தம்தான். நீங்கள் டைம்லைனில் சேர்க்கும் 'தடார்' சத்தத்துக்கு முன்னால் எவ்வளவு அமைதி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே வயலின் இழுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது இருட்டுக்கு வருகிறேன். உங்களில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

இருட்டைப் படம் பிடிக்க வெளிச்சம் வேண்டும். 'லைட்ஸ் அவுட்'டில் விளக்கு அணைந்த பிறகும் உருவம் தெரிகிறது என்றால், உருவத்துக்குப் பின்னால் எங்கோ கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது என்று பொருள். உருவம் கறுப்பு, அதன் முதுகுப்பக்கம் அதைவிடச் சற்று வெளுப்பு. நம் கண்ணுக்கு விளிம்பு மட்டும் போதும். தலை, தோள், தொங்கும் கை, அவ்வளவு கிடைத்தால் மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். அதனால்தான் மேக்கப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பெரும்பாலான நேரம் அந்த உருவத்துக்கு முகமே கிடையாது. உங்கள் வீட்டில் இதைச் செய்ய, கொல்லைக் கதவைத் திறந்துவைத்து வெளியே ஒரு விளக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால் போதும். ஆளை அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஆள்மேல் முன்பக்கத்திலிருந்து ஒரு துளி வெளிச்சமும் விழக்கூடாது.

கைபேசியில் எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் கருவி உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துவிடும். விளக்கு அணைந்ததும் அது தானாக எக்ஸ்போஷரை உயர்த்தும். இருட்டு சாம்பல் நிறமாகிப் புள்ளி புள்ளியாக இரையும், பேயின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். முகாமில் முதல் நாள் எல்லாக் குழுக்களுக்கும் இதேதான் நடந்தது. எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமனையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு எடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு நொடி என்று வைத்தால் மலிவான எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் ஓடும் அந்தக் கோடுகள் வராது. நொடிக்கு 30 ஃப்ரேம் என்று கைபேசி வந்தபடியே விட்டுவிட்டு, எடிட்டிங்கில் சரிசெய்து கொள்ளலாம் என்று என்னிடம் கொண்டுவருகிறீர்கள். அந்தக் கோடுகளை அழிக்க நான் பட்ட பாட்டுக்கு, நீங்களே மறுபடி எடுத்துவிட்டிருக்கலாம்.

மறைந்து தோன்றும் உருவத்துக்குக் கிராஃபிக்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. திரையை இரண்டாகப் பிரித்து ஒட்டும் பழைய தந்திரம்தான் என்று சாண்ட்பெர்க்கே விளக்கியிருக்கிறார். குறைந்த செலவில் செய்த வேலைகளையெல்லாம் யூடியூபில் ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிற மனிதர் அவர். கேமராவை டிரைபாடில் நிறுத்திவிட்டுத் தொடாதீர்கள். ஒரு டேக்கில் நடிகை ஸ்விட்ச் அருகில் நின்று விளக்கைப் போட்டு அணைத்துப் போடட்டும். அடுத்த டேக்கில், விளக்கு அணைந்த நிலையில், தூரத்தில் ஆள் நிற்கட்டும். நடிகை இருக்கும் பாதியையும் ஆள் இருக்கும் பாதியையும் காலிச் சுவரில் ஒரு கோடு போட்டு மாஸ்க் செய்து இணையுங்கள். வெளிச்சம் மாறும் நொடியில் பார்ப்பவர் கண்ணும் தடுமாறுவதால் ஒட்டு தெரியாது. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். யாருடைய நிழலும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு டேக்கிலும் வெளிச்சத்தின் அளவு இம்மியும் மாறக்கூடாது. இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் போதும். ஒரு மதியம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

தந்திரம் ஒரு மதியத்தில் வந்துவிடும். ஒட்டுநாடா வர எனக்கு வருடக்கணக்காயிற்று.

அந்த ஒட்டுநாடாவைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. பயந்த பெண் என்ன செய்வாள்? உங்கள் படங்களில் "யாரு? யாரு அங்க?" என்று கேட்டுக்கொண்டே இருட்டுக்குள் நடந்து போகிறாள். நாம் யாரும் அப்படிப் போகமாட்டோம் என்பதால் அந்த நொடியே அவள் நமக்கு அந்நியமாகிவிடுகிறாள். இந்தப் பெண் ஒட்டுநாடா எடுத்துவந்து ஸ்விட்சை ஒட்டுகிறாள். இருட்டில்தானே வருகிறது, அப்படியானால் இருட்டே வேண்டாம். ஒரு வார்த்தை பேசாமல் அவள் புத்தி தெரிகிறது, பிடிவாதம் தெரிகிறது, அந்த வீட்டில் இந்த ராத்திரியைக் கழித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் தெரிகிறது. அதைவிட முக்கியமாக, படத்தின் விதி நமக்கு உறுதியாகிறது: வெளிச்சம் இருந்தால் வராது. யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சாமியாரோ, பழைய நாட்குறிப்போ, தொலைபேசியில் பேசும் தோழியோ தேவைப்படவில்லை. ஒரு சாண் நாடாவைக் கிழித்து ஒட்டினார்கள், பார்வையாளர் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் படத்தில் மிக நல்ல ஷாட் எது என்று என்னைக் கேட்டால் உருவம் எதிரில் நிற்கும் ஷாட்டைக் காட்டமாட்டேன். இதைத்தான் காட்டுவேன்.

பிறகு போர்வை. கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய எல்லோரும் ஒருநாளாவது அந்தப் போர்வைக்குள் இருந்திருக்கிறோம். அங்கே கேமராவுக்கும் பார்க்க எதுவுமில்லை, முகமும் துணியும்தான். வெளியே நடப்பது முழுக்க ஒலியிடம் போய்விடுகிறது. முகாமில் திரையை மூடிவிட்டு ஓட்டியபோது பிள்ளைகள் அதிகம் நெளிந்தது இந்த இடத்தில்தான். உங்கள் பட்ஜெட்டில் ஒலிக்கு என்ன ஒதுக்குகிறீர்கள்? வாடகைக்கு எடுக்கும் லென்ஸின் ஒருநாள் பணத்தில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி இரண்டு நாளுக்குக் கிடைத்துவிடும். ஸ்விட்ச் விழும் 'டிக்' சத்தத்தை, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை அரை அடி தூரத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

முடிவைப் பற்றிச் சிலருக்கு மனக்குறை உண்டு. விளக்கு நிலைத்து எரிகிறது, பெண் போர்வையை விலக்கி மெதுவாகத் திரும்பினால், அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே, வெளிச்சத்தில், முகத்தோடு அது இருக்கிறது. இருட்டில் மட்டும் தெரிவது வெளிச்சத்தில் எப்படி வந்தது, விதியை மீறிவிட்டாரே என்கிறார்கள். முகாமிலும் ஒரு தம்பி விடாப்பிடியாக வாதாடினான். எனக்கு அது பிழையாகப் படவில்லை. விதியை உருவாக்க அவர் எடுத்துக்கொண்டது கிட்டத்தட்ட மொத்தப் படத்தையும். ஸ்விட்சால் காட்டினார், நாடாவால் ஒட்டினார். நாம் அதை முழுதாக நம்பி அதற்குள் பத்திரமாக உட்கார்ந்த பிறகு ஒரே ஒருமுறை மீறுகிறார். மீறிய கையோடு படத்தையும் முடித்துவிடுகிறார். அந்த உருவத்தின் கை விளக்கை அணைக்கிறது. இதுவரை ஸ்விட்ச் அவள் கையில் இருந்தது, இப்போது அதனிடம். அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நீ முதல் நிமிடத்திலேயே விதியை மீறுகிறாய், அதனால் உன் படத்தில் விதி என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு வருந்தினேன். ஆனால் கருத்து மாறவில்லை.

முழுநீளப் படம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஜேம்ஸ் வான் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஹாலிவுட் கணக்கில் மிகச் சிறிய தொகை, சுமார் 49 லட்சம் டாலர். வசூல் 14 கோடி டாலருக்கும் மேல். சாண்ட்பெர்க்குக்கு அதுதான் முதல் முழுநீளப் படம்; தொடர்ந்து 'அனபெல்: கிரியேஷன்' கிடைத்தது. தொடக்கக் காட்சியில் லோட்டா லோஸ்டனே ஒரு கிடங்கில் விளக்கை அணைத்து அணைத்துப் பார்க்கிறார், குறும்படத்தின் அதே வித்தை. அதற்குப் பிறகு உருவத்துக்கு டயானா என்று பெயர் வருகிறது, மருத்துவமனை வருகிறது, முன்கதை வருகிறது. 81 நிமிடத்துக்கு அது தேவைதான். ஒரு குடும்பத்தின் துயரம் அதில் நன்றாகவும் வந்திருக்கிறது. ஆனாலும் பெயர் தெரிந்த பிறகு எனக்குப் பயம் பாதியாகிவிட்டது. நீங்கள் குறும்படத்துக்குள் முன்கதை வைக்க ஏன் தவிக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துத் திரைக்கு வந்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நீங்கள். குறும்படத்தைப் பெரிய படத்துக்கான நுழைவுச்சீட்டாகவே நினைத்து, பெரிய படத்தின் கதையை அதற்குள் திணிக்கிறீர்கள். சாண்ட்பெர்க்கும் அந்தச் சீட்டில்தான் உள்ளே போனார். ஆனால் அந்தச் சீட்டில் இருந்தது ஒரு பெண், ஒரு தாழ்வாரம், ஒரு ஸ்விட்ச்.

உங்களை ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். இந்தப் படத்தை அப்படியே ஷாட்டுக்கு ஷாட் மறுபடி எடுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம், எங்கேயும் ஏற்றவேண்டாம். சங்கீதம் படிப்பவர் குரு பாடியதைத் திருப்பிப் பாடுவதுபோல, கைக்குப் பழக்கம் வருவதற்காக மட்டும் எடுங்கள். கண்ணால் பார்த்துப் புரிந்ததாக நினைத்ததெல்லாம் கேமராவை நிறுத்தும்போது கலைந்துபோகும். ஸ்விட்ச் எந்த உயரத்தில் இருந்தால் முகமும் கையும் ஒரே ஃப்ரேமில் வரும்? ஆள் எவ்வளவு தள்ளி நின்றால் பயம், எவ்வளவு தள்ளி நின்றால் வெறும் புள்ளி? இதெல்லாம் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

முகாமில் ஒரு குழு அப்படித்தான் ஆரம்பித்தது. கும்பகோணம் பக்கத்துப் பெண் ஒருத்தி, தன் வீட்டு ரேழியிலேயே எடுக்கலாம் என்றாள். இரண்டு இரவு முயன்றும் வரவில்லை. காரணம் விளக்கு. அங்கே இருந்தது சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய டியூப்லைட். ஸ்விட்சைப் போட்டதும் எரியாமல் இரண்டு மூன்று தடவை மினுக்கி, தயங்கி, அப்புறம்தான் பிடித்துக்கொள்ளும். சாண்ட்பெர்க்கின் 'டிக், வெளிச்சம்' அதில் கிடைக்கவே இல்லை. மூன்றாவது இரவு அவளே எனக்குப் போன் செய்தாள். "சார், லைட்டு மினுக்கும்போதுதானே நல்லா இருக்கு?" என்றாள். ஒவ்வொரு மினுக்கலிலும் உருவம் ஓர் அடி முன்னால் வருகிறது. விளக்கு முழுதாகப் பிடித்தால் ரேழி காலி. ஸ்விட்சைப் போடுவதே இப்போது ஆபத்து, போடாமலும் இருக்க முடியாது. சாண்ட்பெர்க்கிடம் கற்று, சாண்ட்பெர்க்கிடம் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். போனில் எனக்குப் பேச வரவில்லை.

படப்பிடிப்பு நடந்த அந்த ஒரு வாரமும் ஸ்டார்ட்டரை மாற்றிவிட வேண்டாம் என்று அப்பாவிடம் மன்றாடிக் கொண்டிருந்திருக்கிறாள். நான் பார்க்கப் போனபோது, அவர் வாங்கிவந்த புது எல்இடி விளக்கு பிரிக்கப்படாமல் திண்ணையில் கிடந்தது.

அன்புடன்,
உங்கள் படத்தொகுப்பாளன்